குளிப்பாட்டிய நாசில்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு டீசல் பம்பும், இன்ஜினுக்குள் எண்ணெயைப் பீய்ச்சும் நாசிலும் சரிசெய்யும் வேலையை ஆரம்பித்தவனும் நான்தான். அதுவரை இந்தப் பக்கம் ஒரு டிராக்டர் கரும்புகை கக்கினால் பம்பைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு சேலத்துக்கு ரயில் ஏற வேண்டும். நாசில் சோதிக்கும் மேசை வாங்க வழியில்லாதபோது, உடைந்த கரும்பு மிஷினின் சட்டத்தையும் பழைய லாரிப் பம்பையும் வைத்து நானே ஒன்று செய்தேன். சேலத்திலிருந்து வந்த ஆள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டான். "மொரப்பூர் கம்பெனி" என்றேன். சித்தேரி மலை ஏறும் பஸ் பாதி வழியில் மூச்சுத் திணறி நின்றபோது, வண்டியைக் கீழே இறக்காமல் அங்கேயே நாசில்களைக் கழற்றிச் சரிசெய்து, அத்தனை சனத்தையும் மேலே அனுப்பினேன். கடைசல் வேலை யாரும் சொல்லித்தரவில்லை, எட்ட நின்று பார்த்தே கற்றேன். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று காங்கிரீட் கூரை இருக்கிறது.

இதையெல்லாம் ஊர் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ளாதது ஒன்று பாக்கி இருக்கிறது. அது ஒரு புத்தகம். நீல அட்டை போட்டது, முழுக்க இங்கிலீஷ். டீசல் இன்ஜினுக்குள்ளே எண்ணெய் எப்படித் தெறிக்கிறது, தெறித்த எண்ணெய் காற்றோடு சுழன்று எப்படித் தீப்பிடிக்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு எழுதிய புத்தகம். எழுதியவரை நாங்கள் டீச்சரம்மா என்று கூப்பிட்டோம். பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் என் கையும் இருக்கிறது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வதற்குத்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

முதல் நாளே டீச்சரம்மாவின் கையில் ஓர் அடி வைத்தேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, தோளில் லேப்டாப் பை, காலில் ரப்பர் செருப்பு, கடை ஓரமாக நின்று நான் நாசில் சோதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பம்பை அடித்தால் நாசில் முனையிலிருந்து டீசல் பனி மாதிரி பீய்ச்சும். நல்ல நாசில் என்றால் அடிக்கும்போது 'கர்ர், கர்ர்' என்று சத்தம் வரும். அதை நாங்கள் பேசுகிறது என்போம். பேசாத நாசில் ஒழுகும். நான் அடித்துக்கொண்டிருக்கையில், அந்த அம்மா பனியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி உள்ளங்கையை நீட்டினார். பளாரென்று தட்டிவிட்டேன். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்க வேண்டி வரும். படித்த பொம்பளையை அடித்துவிட்டேனே என்று பம்பை விட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

அவர் கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னார், "தப்பு என்னுதுதாங்க மேஸ்திரி. கேட்டுட்டு நீட்டியிருக்கணும்."

அதுதான் டீச்சரம்மா. நான் வேறெந்த ஆளிடமும் அந்தக் குணத்தைப் பார்த்ததில்லை. எது கெட்டாலும் முதலில் தன்னையே கைகாட்டுவார். பஸ் அரை மணி தாமதமாக வந்தால், நான் சீக்கிரம் கெளம்பிட்டேன் என்பார். டீக்கடைக்காரர் சர்க்கரை போட மறந்தால், நான் கலக்காம குடிச்சிட்டேன் என்பார். என் சம்சாரம் ஒருமுறை அவர் புடவையில் சாம்பாரைக் கொட்டிவிட்டாள். "நான்தாங்க்கா எலைய குறுக்க போட்டுட்டேன்" என்றார். என் சம்சாரம் என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்தக் கொணத்துல கால்வாசி உங்களுக்கு இருந்திருந்தா நான் எப்பவோ சந்தோஷமா இருந்திருப்பேன்" என்றாள்.

அவர் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் ஒன்றில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகை வீடு. பாடம் எடுத்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கும் படித்தார். வழிகாட்டும் புரபசர் சென்னையில் இருந்தார். படிக்க ஆரம்பித்து ஏழு வருசம் ஆகிவிட்டது, ஒன்பதாவது வருசம்தான் கடைசிக் கெடு, அதற்குள் கொடுக்காவிட்டால் பதிவே போய்விடும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். என் கடைக்கு அவர் வந்ததற்குக் காரணம் எளிமையானது. "ஏழு வருசமா தெறிப்பக் கணக்குப் போடறேன். கண்ணால பாத்ததே இல்லீங்க."

அதன் பிறகு இரண்டு வருசம் ஞாயிறு தவறாமல் வந்தார். நான் பம்பு அடிப்பேன், அவர் பார்ப்பார். என்ன கணக்கு என்று கேட்டபோது, ஒரு பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்து அதில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். "ராகிக் கொல்லையில பாத்தி கட்றோம்ல, அது மாதிரி இன்ஜினுக்குள்ள இருக்கற எடத்தப் பாத்தி பாத்தியா பிரிச்சிடுவோம். லட்சக்கணக்கான பாத்தி. ஒவ்வொரு பாத்தியும் பக்கத்துப் பாத்தியக் கேக்கும். உங்கிட்டருந்து எவ்ளோ காத்து வருது, எவ்ளோ சூடு வருது, எத்தன துளி வருதுன்னு."

"பாத்திக்குப் பாத்தி சண்ட வராதா?"

"அதுதாங்க என் பொழப்பே" என்று சிரித்தார். காற்று நேராகப் போனால் கணக்கு சுலபமாம். அது சுழன்று சுழன்று போவதுதான் தொல்லையாம். பெரிய சுழலுக்குள் சின்னச் சுழல், அதற்குள் இன்னும் சின்னது. கண்ணுக்குத் தெரிகிற சுழலுக்குப் பாத்தி கட்டலாம். தெரியாத சுழலுக்கு ஒரு மதிப்பு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மதிப்பு சரியா தப்பா என்பதில்தான் அவருடைய ஏழு வருசமும் கிடந்தது.

ஒருமுறை என் சம்சாரத்தோடு நாங்கள் மூன்று பேரும் ஒகேனக்கல் போனோம். பரிசலில் ஏறும்போது டீச்சரம்மா ஒரு பெரிய பை நிறையப் பொரி வாங்கிக்கொண்டார். நடு ஆற்றில், பாறை இடுக்கில் தண்ணீர் சுழிக்கும் இடமாகப் பார்த்து ஒரு கைப்பிடி வீசுவார். பொரி எந்தப் பக்கம் போகிறது, எங்கே கூடுகிறது, எங்கே பிரிகிறது என்று கண் கொட்டாமல் பார்ப்பார். பரிசல்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மீனுக்குப் போடறீங்களாக்கா? இங்க மீனு நிக்காது" என்றார்.

"மீனுக்கு இல்லண்ணா. தண்ணிக்குப் போடறேன்."

பரிசல்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். அந்த நேரம் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியதில், டீச்சரம்மா தலையோடு நனைந்துபோனார். முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நான்தான் தப்பான பக்கம் உக்காந்துட்டேன்" என்றார். வட்டமான பரிசலில் தப்பான பக்கம் எது என்று என் சம்சாரம் வீடு வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

என் பங்கு இங்கே தொடங்குகிறது. அவர் வீட்டில் மேசைக்கடியில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் பத்துப் பதினோரு நாள் விடாமல் ஓடும். ஒன்பதாம் நாள் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் படுத்து, அத்தனையும் போனது. வழக்கம்போல, "நான்தாங்க பேட்டரிக்குத் தண்ணி ஊத்தல" என்றார். ஒரு கிலோ வெங்காயம் வாங்கும் முகம்தான், அழுகை இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கழித்துப் போட்ட ஒரு சின்ன டீசல் இன்ஜினை எடுத்து, ஆல்டர்னேட்டர் மாட்டி, அவர் வீட்டுப் பின்பக்கம் நிறுத்திவிட்டேன். டீசல் எரியும் கணக்குக்கு டீசல் எரிந்தே கரண்ட் கொடுத்தது. அதன் நாசிலை நான்தான் சரிசெய்தேன். இதுவும் எங்கேயும் எழுதப்படவில்லை, போகட்டும்.

கணக்குச் சரியா என்று தெரிய வேண்டுமானால் உண்மையான தெறிப்பைப் படம் எடுத்து ஒப்பிட வேண்டும். அதற்குச் சென்னையில் ஒரு கூடம் இருந்தது. கண்ணாடி ஜன்னல் வைத்த இரும்புப் பெட்டிக்குள் சூடான காற்றை அடைத்து, அதற்குள் நாசிலைப் பீய்ச்சி, கண் சிமிட்டும் நேரத்துக்குள் ஆயிரக்கணக்கில் படம் எடுப்பார்களாம். டீச்சரம்மா புத்தம் புது நாசில் நான்கு வாங்கிவந்து என்னிடம் கொடுத்தார். "இன்ஜெக்டர்ல மாட்டி பிரஷர் மட்டும் செட் பண்ணிக் குடுங்க மேஸ்திரி." நான் செட் பண்ணிக் கொடுத்தேன். சென்னைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்து வந்தார்.

படமும் கணக்கும் ஒட்டவில்லை.

கம்ப்யூட்டரில் தெறிப்பு குட்டையாக, அகலமாக விரிந்து, தீ நாசிலுக்குக் கிட்டத்திலேயே பற்றியது. படத்தில் தெறிப்பு ஒல்லியாக, நீளமாகப் பாய்ந்து, தீ தள்ளிப்போய் நின்றது. "என் சுழல் மதிப்புதான் தப்பு" என்றார் டீச்சரம்மா. மதிப்பை மாற்றிப் பதினோரு நாள் ஓட்டினார். ஒட்டவில்லை. பாத்திகளை இன்னும் பொடியாகப் பிரித்துப் பதினைந்து நாள் ஓட்டினார். துளி உடையும் கணக்கை மாற்றினார். இப்படியே எட்டு மாதம். முகம் சுண்டிப்போனது, கண்ணுக்குக் கீழே கறுத்தது. புரபசர், படத்துக்கு ஒத்துவருகிற மாதிரி மதிப்பைத் திருகிவிட்டுக் கொடுத்துவிடச் சொன்னாராம், எல்லாரும் செய்வதுதானாம். டீச்சரம்மா மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏங்க, அவரே சொல்றப்ப திருகிட வேண்டியதுதான?" என்று நான்கூடக் கேட்டேன்.

"நடந்தது தெரிஞ்சப்புறம் நம்பரத் திருகி ஒத்துப்போக வெச்சா அது கணக்கு இல்லீங்க. ஜாதகம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அட்டையில் படம் போட்டுத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். நாசில் ஓட்டைக்குள் எண்ணெய் நுழையும் உள்விளிம்பை வரைந்தார். "இந்த விளிம்பு கூரா இருந்தா, எண்ணெ திரும்பறப்பவே சுவர விட்டுப் பிரிஞ்சு குமிழி கட்டும். வெளிய வந்ததும் ஒடைஞ்சு அகலமா விரியும். விளிம்பு வழவழன்னு மழுங்கியிருந்தா கம்பி மாதிரி நேரா போயிடும். நம்மது புது நாசில், கம்பெனிப் படத்துல கூருன்னுதான் போட்டிருக்கு. அதனால அது இல்ல. தப்பு எங்கிட்டதான் இருக்கு."

என் கையில் இருந்த டீசல் துணி அப்படியே நின்றது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் கடையில் ஒரு வழக்கம் உண்டு, என் சொந்தக் கண்டுபிடிப்பு. மிக நைசான லேப்பிங் பேஸ்டை, அதாவது உலோகத்தை வழவழப்பாக்கும் அரைப்புப் பசையை, டீசலில் கரைத்து, அதற்கென்றே வைத்திருக்கும் பழைய கைப்பம்பில் ஊற்றி நாசில் வழியாக நூறு தடவை அடிப்பேன். உள்ளே இருக்கும் கரி, பிசிறு எல்லாம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இதற்குக் குளிப்பாட்டுதல் என்று பேர் வைத்தது நான். புது நாசில் என்றாலும் விடமாட்டேன், மிஷின் பிசிறு இருக்கும். கடை போர்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன்: 'குளிப்பாட்டாத நாசில் இங்கே தரப்படாது.' டீச்சரம்மா இரண்டு வருசம் அந்த போர்டுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். டீசலில் கழுவுவதைத்தான் அப்படிச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். பிரஷர் மட்டும் செட் பண்ணச் சொல்லிக் கொடுத்த நாசில் நான்கையும், டீச்சரம்மாவுடையதாச்சே என்று, நான் இருநூறு தடவை குளிப்பாட்டியிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கை தொட்ட நாசில் கெட்டது என்று இந்த ஜில்லாவில் ஒருத்தன் சொன்னதில்லை. அதை முதலில் நானே சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் அடுத்த கணக்கை ஓட்டப் போனார். மூன்று வாரம் சும்மா இருந்தேன். என் சம்சாரம் மத்தியானச் சோற்றின்போது கேட்டாள்.

"என்னத்த முழுங்கி வெச்சிருக்கீங்க? சோறு போக வழியில்லாம?"

சொன்னேன். அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "அந்தம்மா நேத்து இங்க வந்துச்சு. நாளைக்கி காலைல வண்டி ஏறி சென்னை போவுதாம். படிப்பு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வரப்போவுதாம். தனக்கு அவ்ளோ அறிவு இல்லன்னு சொல்லிச்சு. நான் ஆறுதல் சொல்லி அனுப்பனேன்." சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "ஊர்ல நல்லது எது நடந்தாலும் நான்தான் செஞ்சேன்னு மொத ஆளா நிப்பீங்களே. இதுக்கும் போய் நில்லுங்க."

மறுநாள் காலை வண்டி வருவதற்கு முன்பே பிளாட்பாரத்தில் நின்றேன். டீச்சரம்மா சிமெண்டு பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னேன், பேஸ்டு, பழைய பம்பு, இருநூறு தடவை, எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எரநூறா, எண்ணனீங்களா?"

"எண்ணித்தான் அடிப்பேன்."

"பேஸ்டு எந்த நம்பரு? டப்பா இருக்கா?"

"கடையில இருக்குங்க."

வண்டி வந்தது, நின்றது, போனது. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, "கடைக்குப் போலாம் மேஸ்திரி" என்றார். நடக்கும்போது ஒரு தடவைதான் பேசினார். "தப்பு என்னுதுதாங்க. போர்டுல எழுதியே வெச்சிருக்கீங்க. ரெண்டு வருசமா நான் என்னான்னு கேக்கல."

அன்றைக்கு நான் செய்த வேலையை இந்தியாவிலேயே எத்தனை பேரால் செய்ய முடியும் என்று தெரியவில்லை. குளிப்பாட்டிய நாசில் ஒன்று, கடை இருப்பிலிருந்து அதே ரகத்தில் குளிப்பாட்டாத புதுசு ஒன்று, இரண்டின் முனையையும் கல்லில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, தலைமுடி கனமே உள்ள ஓட்டையின் நட்ட நடுவில் வந்து நிறுத்தினேன். கொஞ்சம் அதிகம் போனால் ஓட்டையே இருக்காது. மிஷின் இல்லை, கைதான். பாதியாகப் பிளந்த நாசிலைக் காலேஜ் மைக்ராஸ்கோப்பில் வைத்து டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்றில் விளிம்பு கத்தி மாதிரி. இன்னொன்றில் கோலிக்குண்டு மாதிரி உருண்டை.

"எவ்ளோ அழகா மழுக்கியிருக்கீங்க" என்றார். கேலி இல்லை. அந்த உருண்டையை அளந்து கணக்கில் போட்டு, சுழல் மதிப்பை ஆரம்பத்தில் வைத்த இடத்துக்கே கொண்டுபோய், ஒரு திருகலும் இல்லாமல் ஓட்டினார். பன்னிரண்டாம் நாள் படத்தின் மேல் கணக்கை வைத்தால் இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. தீ தள்ளிப்போய், சரியான இடத்தில் நின்றது. அப்போதும் அவர் துள்ளவில்லை. "மொத தடவையே ஒட்டுதுன்னா எங்கயோ தப்பு இருக்கும்" என்று இன்னொரு தடவை ஓட்டினார். அதுவும் ஒட்டியது. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது கொடுத்தார். பட்டம் கிடைத்தது. வடக்கே ஒரு ஊரில் வேலை கிடைத்துப் போனார். நன்றாக இருக்கிறார், தீபாவளிக்குப் போன் வரும். போகும்போது அந்த நீல அட்டைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நாசில் டெஸ்டருக்கு மேலே அலமாரியில் வைத்திருக்கிறேன். வருகிறவனிடமெல்லாம் இது என் புத்தகம் என்றுதான் சொல்வேன்.

போன மாதம், டிராக்டர் நாசிலோடு பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். வேலை முடியும் வரை அதை எடுத்துப் புரட்டினார். "என் பேரு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்றேன். தேடினார். முன்பக்கத்தில், உதவிய உள்ளூர்ப் பட்டறைக்கு நன்றி என்று ஒரு வரி. பட்டறைக்குப் பேர் இல்லை. பிறகு நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் தமிழில் சொன்னார். முதல் எட்டு மாதக் கணக்குகள் ஒட்டாததற்குக் காரணம், நாசிலின் உள்விளிம்பு மழுங்கியிருந்ததை ஆய்வாளர் கவனிக்கத் தவறியதே. அது ஆய்வாளரின் பிழை.

"ஆய்வாளர்னா யாருங்க சார்?"

"எழுதனவங்கதான்."

வாத்தியார் போன பிறகும் நான் வேலையைத் தொடவில்லை. பரிசலில் நனைந்ததை எடுத்துக்கொண்டார், சாம்பாரை எடுத்துக்கொண்டார், சரி. இதையும் எடுத்துக்கொண்டுவிட்டார். அச்சடித்து, அட்டை போட்டு, காலத்துக்கும் நிற்கிற மாதிரி. பட்டறையின் பேரை ஏன் விட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. பேரைப் போட்டால், மழுக்கியது யார் என்று அடுத்த கேள்வி வருமே.

டீச்சரம்மா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள், இல்லை நீங்களே படிப்பீர்கள். என் பொருளை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், திருப்பிக் கொடுங்கள். அந்தப் புத்தகத்தைத் திருத்த முடியாது என்றால், அடுத்து எங்கே எழுதினாலும் இப்படி எழுதுங்கள். நாசில் நான்கையும் கேட்காமல் இருநூறு தடவை குளிப்பாட்டி மழுக்கியது மொரப்பூர் மேஸ்திரி. தெரிந்த பிறகும் மூன்று வாரம் வாய் திறக்காதது அதே மேஸ்திரி. இரண்டைக் கையாலேயே பாதியாகப் பிளந்து காட்டியதும் அவர்தான். மூன்றையும் சேர்த்துப் போட வேண்டும், ஒன்றைக்கூட விடக் கூடாது. பேரைச் சுருக்காமல், இனிஷியலோடு முழுசாகப் போடுங்கள். எழுத்தில் சந்தேகம் வந்தால் கடை போர்டில் இருக்கிறது, குளிப்பாட்டாத நாசில் என்கிற வரிக்கு நேர் மேலே.